தம்பிக்கு ஒரு டெஸ்லா கொயில்

கொழும்பில் வீட்டு வேலை செய்யும் சித்தி, முதலாளி வீட்டில் கழித்துப்போட்ட மைக்ரோவேவ் ஒன்றை நோர்வூட்டுக்குக் கொண்டுவந்தார். தரம் 11 படிக்கிற அவர் மகன் அதைத் திருத்த நினைக்கவில்லை. "அக்கா, இதுக்குள்ள இருக்கிற ட்ரான்ஸ்போமர எடுத்து டெஸ்லா கொயில் செய்யலாமாம். யூடியூப்ல ஒரு அண்ணன் செய்றாரு" என்றான்.

நான் கலைப்பீடம். ஆனால் கெம்பஸ் போன பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் லயத்து நம்பிக்கை. "கரண்டுல கை வைக்காத" என்று அதட்டியிருக்கலாம். எங்கள் பக்கம் மின்சாரத்தைப் பற்றி எல்லோருக்கும் கிடைத்த ஒரே பாடம் அதுதான். ஆனால் அதட்டினால் இவன் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்வான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவனோடு உட்கார்ந்து அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தேன்.

புத்தகத்தில் அதற்குப் பெயர் நிலைமாற்றி. ஒரு இரும்பு அகணி, அதில் இரண்டு கம்பிச் சுருள். முதற்சுருளைவிடத் துணைச்சுருளில் சுற்றுகள் எத்தனை மடங்கோ, வோல்ட்டும் ஏறத்தாழ அத்தனை மடங்கு கூடும். மைக்ரோவேவில் இருப்பது வீட்டின் 230 வோல்ட்டைச் சுமார் 2,000 ஆக்குகிறது. நிகோலா டெஸ்லா 1891இல் செய்த கொயில், பொறி பறக்கவிட இப்படி ஒரு உயர் வோல்ட்டை உள்ளே கேட்கும். அதற்குப் பலர் எடுப்பது நியோன் பெயர்ப்பலகைகளின் ட்ரான்ஸ்போமர். அது 15,000 வோல்ட் வரை தரும்.

"அப்ப 2,000 சின்னதுதானே?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. பதில் மின்னோட்டத்தில் இருக்கிறது. நியோன் ட்ரான்ஸ்போமரை மின்னோட்டம் ஒரு அளவுக்கு மேல் போகாதபடி கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் 30 அல்லது 60 மில்லி அம்பியர். அதுவும் ஆளைக் கொல்லப் போதும். மைக்ரோவேவ் ட்ரான்ஸ்போமரோ அரை அம்பியருக்கு மேலும் தள்ளும். நெஞ்சு வழியாக 100 மில்லி அம்பியர் போனாலே இதயம் தாளம் தப்பலாம்.

"வீட்ல ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே?" அடுத்த கேள்வி. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது தன் வழியாகப் போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறதா என்பதை மட்டும். துணைச்சுருளில் ஓடுவது தனி வட்டம். அதில் ஒருவர் மாட்டிக்கொண்டாலும் முதற்சுருள் பக்கம் கணக்கு சரியாகவே இருக்கும், சுவிட்ச் விழாது. போதாததற்கு, பிளக்கைக் கழற்றிய பிறகும் மைக்ரோவேவின் கொள்ளளவி மின்னைப் பிடித்து வைத்திருக்கலாம். வெளிநாடுகளில் இதே ட்ரான்ஸ்போமரால் பலகையில் மின்னல் கோலம் எரிக்கப் போய்ப் பலர் செத்திருக்கிறார்கள். யூடியூப் அண்ணன் இதையெல்லாம் சொல்லவில்லை.

எங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. மின் ஒழுக்கால் ஒரு காம்பராவில் பிடித்த தீ, லயம் முழுவதையும் தின்ற செய்திகளை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்?

ஆனாலும் நோர்வூட்டில் வளர்கிற பையனுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். நம் ஊர்ப் பக்கம் ஓடுகிற கெசல்கமு ஓயா காசல்ரீயில் தேங்கி, மலைக்குள் குடைந்த வழியாக இறங்கி மின்சாரமாகிறது. இந்த மலைநீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். லக்சபான நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. லயங்களுக்குள் பல்பு எரிய அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஆயின. நம் மலைகளைத் தாண்டிப் போகிற கோபுர வயர்களில் 1,32,000 வோல்ட். வோல்ட்டைக் கூட்டினால் அதே வலுவைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம், வழியில் சூடாகி வீணாவது குறையும். அந்த வேலையைச் செய்வதும் நிலைமாற்றிதான். இதை அவனுக்கு யாரும் அந்தக் கோபுரத்தைக் காட்டிச் சொல்லித்தரவில்லை.

மைக்ரோவேவைத் திறக்காமலே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தோம். ஹட்டனில் ரேடியோ சாமான் விற்கிற கடையில் ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு தடை, மெல்லிய எனாமல் செப்புக் கம்பி, 9 வோல்ட் பேட்டரி வாங்கினோம். பீவீசி குழாயில் சில நூறு சுற்று. அதன் அடியில் தடித்த வயர் நாலு சுற்று. வீட்டுக் கரண்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. நீளமான பொறியெல்லாம் வராது, ட்ரான்சிஸ்டர் சுடும், கம்பி நுனியைத் தொட்டாலும் சுடும். மூன்றாவது நாள் ராத்திரி, அவன் கையில் பிடித்த சீஎஃப்எல் பல்பு வயரே இல்லாமல் மங்கலாக எரிந்தது. சித்தி போனில் பார்த்துவிட்டு "ஐயோ, கரண்டு அடிச்சிரும்டா!" என்று கத்தினார். ஏன் அடிக்காது என்று அவனே அவருக்கு விளக்கினான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கச்சியோ வந்து கேட்டால், கேட்டதற்காகச் சந்தோஷப்படுங்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியானால்தான் அடுத்த முறையும் கேட்டுவிட்டுச் செய்வார்கள்.