சாந்தோமில் ஒரு சொட்டு

உப்புக் காற்றுக்கு ஓரவஞ்சனை கிடையாது. பணக்காரர், ஏழை, பக்திமான், நாத்திகர் என்றெல்லாம் பார்க்காமல் எல்லார் வீட்டு ஜன்னல் கம்பியையும் சமமாகத் தின்னும். சாந்தோமில் இரண்டு வருஷம் குடியிருந்த சைக்கிளைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்லும்!

மயிலாப்பூரிலிருந்து கச்சேரி ரோடைப் பிடித்துக் கிழக்கே நடந்தால், ஓரிடத்தில் முகத்தில் பிசுபிசுவென்று ஒரு காற்று வந்து அப்பும். சாந்தோம் வந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணாந்து பார்த்தால் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம். புனித தோமையாரின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தில் போர்த்துக்கீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். அதை எடுத்துவிட்டு பிரிட்டிஷார் காலத்தில், 1896-ல், கட்டி முடித்ததுதான் இப்போது நிற்பது. கோயிலுக்குப் பின்னால் ஒரு தூண். தோமையார் நட்டது, அதைத் தாண்டிக் கடல் வராது என்பது ஊர் நம்பிக்கை. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த நம்பிக்கை இன்னும் பலப்பட்டது. கடலைத் தடுக்க ஒரு தூண் இருக்கிறது, சரி. கடல் காற்றைத் தடுக்கத்தான் தூண் எதுவும் இல்லை!

அந்தக் காற்று செய்த வேலையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

எங்கள் ஃப்ளாட்டின் கார் ஷெட்டில், கோடியில், ஒரு வெள்ளை அம்பாசடர் நிற்கிறது. மார்க் 4. சொந்தக்காரர் ஒரு ரிடையர்ட் டீச்சர், வயது 71. "போப்பாண்டவர் சாந்தோம் வந்த வருஷம் வாங்கினது" என்பார். இரண்டாம் ஜான் பால் இந்தக் கோயிலுக்கு வந்தது 1986 பிப்ரவரியில். அப்போது ரோட்டில் நாலு கார் போனால் மூன்று, அம்பாசடர் அல்லது ஃபியட்டாக இருக்கும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தம்பியாகப் பிறந்து, மந்திரியிலிருந்து கல்யாண மாப்பிள்ளை வரை எல்லாரையும் சுமந்து, 2014-ல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் கடைசி வண்டி இறங்கியதோடு கதை முடிந்தது.

டீச்சரின் கணவர் வருஷா வருஷம், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் நடுவில் ஒரு நாள், இந்த வண்டியில்தான் வேளாங்கண்ணி போய் வருவார். பக்கத்து ஸீட்டில் டீச்சர், மடியில் புளியோதரைப் பொட்டலம். அவர் காலமான பிறகு வண்டி இரண்டு வருஷம் அசையவில்லை. இந்த வருஷம் டீச்சருக்கு ஓர் ஆசை. "ஒரே ஒரு தடவை அந்த வண்டியிலேயே போய், அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்துடணும், சார்."

பேட்டரி மாற்றியதும் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. ஆனால் மறுநாள் காலையில் சிமென்ட் தரையில் ஒரு சொட்டு. அதற்கு மறுநாள் ஐந்து. ஒரு வாரத்தில் எட்டுப் புள்ளிக் கோலம்!

ஃப்ளாட் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு மாதத்துக்குள் எண்ணெய் நிற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வண்டி நிற்கக் கூடாதாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில், "வித்துடும்மா, இரும்பு விலைக்காவது போகும்" என்றார். டீச்சர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சும்மா இருந்தாரா என்றால், இல்லை. மூன்று ஒர்க்ஷாப் ஏறி இறங்கிவிட்டார். முதல் இடத்தில், எண்ணெய் இறக்கும் திருகாணிக்கு வாஷர் மாற்றினார்கள். சொட்டியது. இரண்டாவது இடத்தில் கியர்பாக்ஸின் பின்பக்க ஆயில் சீலை மாற்றினார்கள். பத்து நாள் நின்றது, பிறகு சொட்டியது. மூன்றாவது இடத்தில் மறுபடியும் அதே சீல், மறுபடியும் சொட்டு. "கியர்பாக்ஸையே மாத்திடுங்கம்மா" என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அந்தத் தொகைக்கு டீச்சர் வேளாங்கண்ணிக்கு ஏரோப்ளேனே வாடகைக்கு எடுக்கலாம் போலிருந்தது.

'சொட்டுதானே, ஊற்றி ஊற்றி ஓட்டினால் போச்சு' என்று நீங்கள் நினைக்கலாம். அந்த கியர்பாக்ஸ் கொள்ளும் எண்ணெயே மூன்று லிட்டருக்குள்தான். வேளாங்கண்ணியோ 300 கிலோமீட்டருக்கு மேல். ஓடும்போது சூடாகி எண்ணெய் இளகும். நிற்கும்போது சொட்டுவதைவிட ஓடும்போது வேகமாகப் போகும். குறைந்தால் எரிந்து காட்டுகிற விளக்கும் கிடையாது. எண்ணெய் வற்றினால் பல்லோடு பல் கடித்து, பேரிங் கருகி, பாண்டிச்சேரி தாண்டி ஏதாவது சவுக்குத் தோப்பு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். 71 வயசில்!

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை டீச்சரும் நானும் வண்டியோடு ஒரு சந்துக்குள் நுழைந்தோம். சாந்தோமின் அழகே அந்தச் சந்துகள்தான். மெயின் ரோட்டில் கோயில், பள்ளிக்கூடம், பஸ், ஹாரன். நாலடி உள்ளே போனால் காயப்போட்ட வலை, கருவாட்டு வாசனை, வாசலில் மாதா படம், எதிர்வீட்டில் மாரியம்மன் காலண்டர். அங்கே ஒரு பூவரச மரத்தடியில் தகரக் கொட்டகை. உள்ளே பாய். பெயர்ப் பலகை கிடையாது, தேவையும் இல்லை.

"வாங்க டீச்சர். இன்னா, சார் வண்டி அழுவுதா?" என்றார்.

அரை மணி நேரம் அவர் ஸ்பேனரையே தொடவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டார். எங்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். சொட்டு விழுந்ததும் விரலில் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார். ஜோசியர் கெட்டார்!

"என்ஜின் ஆயில்னா கறுப்பா இருக்கும் சார். பிரேக் ஆயில்னா தண்ணி கணக்கா ஓடும், பெயின்ட்டை உரிச்சிடும். இது கெட்டியா, கந்தக வாடை அடிக்குது பாருங்க. கியர் ஆயில்தான்."

எங்கள் ஃப்ளாட் இளைஞர் ஒருவர், "கியர் ஆயில்னா சிவப்பா இருக்கணுமே" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாய் சிரித்தார். அந்தச் சிவப்பு, ஆட்டோமேட்டிக் வண்டிகளின் எண்ணெய்க்கு. மற்ற எண்ணெயோடு குழம்பாமல் இருக்கப் போடுகிற சாயம். அந்த எண்ணெய்க்கு ஒரு கடல் கதையும் உண்டு. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை அதில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்து வந்தார்கள். வழவழப்பில் அதற்கு நிகரில்லையாம். அழியும் விலங்கு என்று 1970-ல் அங்கே அந்தத் திமிங்கிலத்தைப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் கம்பெனிகள் வேறு சரக்குக்கு மாறின. நம் அம்பாசடருக்குத் திமிங்கிலத்தின் பாவம் இல்லை!

"எங்கே சொட்டுதோ அங்கே பார்க்கக் கூடாது சார். மாடியில தண்ணி ஒழுகுற இடமும் கீழே சுவர்ல ஓதம் காட்டுற இடமும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு பாய் வேலையை ஆரம்பித்தார்.

டீசலில் பிரஷ்ஷை முக்கி கியர்பாக்ஸின் அடிப்பாகம் முழுவதையும் கழுவினார். பழந்துணியால் துடைத்துக் காயவிட்டார். பிறகு, "டீச்சர், முகத்துக்குப் போடுற பவுடர் இருக்குதா?" என்றார். டீச்சரின் கைப்பையிலிருந்து டப்பா வந்தது. கியர்பாக்ஸ் முழுக்கப் பவுடர்! கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது.

"இப்போ ஓட்டணும். ஆறின வண்டி உண்மை சொல்லாது."

டீச்சரே ஓட்டினார். ஸ்டியரிங் பக்கத்துக் கை கியரை அவர் போடும் லாகவத்தைப் பார்க்க வேண்டும், தயிர் கடைகிற மாதிரி! பட்டினப்பாக்கம் தாண்டி, அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலம் ஏறி, பெசன்ட் நகர் வரை போய்த் திரும்பினோம். பாலத்தின் மேல் காற்று அள்ளியது. "அவர் இங்கே வந்தா மட்டும் ஸ்பீடைக் குறைப்பார், சார். கடல் தெரியுமாம்" என்றார் டீச்சர். அப்புறம் ஷெட் வரும் வரை ஒன்றும் பேசவில்லை.

பாய் டார்ச்சோடு அடியில் படுத்தார். என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். பவுடரில் எண்ணெய் வந்த பாதை, ஆற்று மேப் மாதிரி தெளிவாகத் தெரிந்தது. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நுனியிலிருந்து சொட்டு விழுகிறது. ஆனால் சட்டத்துக்கு எண்ணெய் வந்தது பின்பக்கத்திலிருந்து, ஷாஃப்ட் வெளியே வருகிற வாயிலிருந்து. அதற்கு நேர் மேலே, தளத்தின் அடியில், வட்டமாகத் தெறித்த புள்ளிகள். சுற்றுகிற ஷாஃப்ட் வீசியடித்த எண்ணெய். பின்பக்க சீல்தான், சந்தேகமே இல்லை.

"அதைத்தான் ரெண்டு தடவை மாத்தியாச்சே, பாய்?" என்றார் டீச்சர்.

"சீல் புதுசு டீச்சர். அது உரசுற இடம் பழசு."

கழற்றிக் காட்டினார். சீலின் ரப்பர் உதடு ஷாஃப்டைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய வளையம். அதில் ஊசி குத்தியது போல் துருக் குழிகள். நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது. வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை அந்த இடம் எண்ணெய் பட்டுக் கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். இரண்டு வருஷம் நின்றதும் உப்பு ஈரம் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டு இரும்பை அரித்துவிட்டது. அதன் மேல் எத்தனை புது சீல் போட்டாலும், அரம் போல் அறுத்துப் பத்தே நாளில் வழி விட்டுவிடும். ஷாஃப்டை யாரும் நகத்தால் தடவிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வேலை சுலபம். துருப்பிடித்த பாகத்தைப் புதுப்பேட்டையில் ஒரு லேத்தில் கொடுத்து, இழைத்து, மேலே மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றி, மெருகு போட்டு வாங்கினார். புது சீல் ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. மாட்டுவதற்கு முன்னால் அதன் உதட்டில் விரலால் எண்ணெய் தடவினார். "காய்ஞ்ச உதட்டோட மாட்டினா முதல் சுத்திலேயே கருகிடும்" என்றார். எல்லாம் சேர்ந்து, மூன்றாவது ஒர்க்ஷாப் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பில்லோடு, டாக்டர் மாதிரி ஒரு மருந்துச் சீட்டும் சொன்னார்: "வாரத்துக்கு ஒரு தபா, வண்டி நல்லா சூடாகிற வரைக்கும் ஓட்டிட்டு வாங்க டீச்சர். இந்த ஊர்ல வண்டி ஓடிக் கெடாது, நின்னுதான் கெடும்."

ஷெட்டில் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தோம். மறுநாள் சுத்தம். ஒரு வாரம், சுத்தம். நோட்டீஸ் அனுப்பியவரே குனிந்து பார்த்துவிட்டுப் போனார். செப்டம்பர் முதல் வாரத்தில் டீச்சரின் அக்கா மகன் ஸ்டியரிங் பிடிக்க, பக்கத்து ஸீட்டில் டீச்சர், மடியில் புளியோதரைப் பொட்டலம். போய்விட்டு மூன்றாம் நாள் ராத்திரி திரும்பினார்கள். கியர் ஆயில் வைத்த அவசர டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லையாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த வெள்ளை அம்பாசடர் திரு.வி.க. பாலத்தில் நிதானமாகப் போவதை நீங்கள் பார்க்கலாம். தயவுசெய்து பின்னாலிருந்து ஹாரன் அடிக்காதீர்கள். அங்கே கடல் தெரியும்.