ஒரு கோல் வித்தியாசம்

செவ்வாய்க்கிழமை எந்த நல்ல காரியமும் ஆரம்பிக்கக்கூடாது என்பது நாகர்கோவில்ல இருக்கிற எங்கம்மாவின் சட்டம். "செவ்வாயோ வெறுவாயோ மக்களே" என்பாங்க. பி.காம் முடிச்சு, பேங்க்ல இருபது வருஷமா குப்பை கொட்டுற நான் இதையெல்லாம் நம்புறதில்லை. ஆனா பாருங்க, 2025ல ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுல இந்திய கால்பந்து அணி தோத்த மூணு மேட்சும் செவ்வாய்க்கிழமைதான். (எதிர் டீமுக்கும் அன்னிக்கு செவ்வாய்தானேன்னு அம்மாகிட்ட கேட்டேன். பதில் இல்லை :-))

கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். 2027 ஆசியக் கோப்பை சவுதி அரேபியாவில். மொத்தம் 24 அணிகள். 18 அணிகள் முன்னாடியே தேறியாச்சு. மிச்சம் 6 இடத்துக்கு நாலு நாலு டீமா 6 பிரிவு. பிரிவுல முதல் இடம் மட்டும்தான் உள்ளே. நம்ம பிரிவுல ஹாங்காங், சிங்கப்பூர், பங்களாதேஷ். 2019, 2023 ரெண்டு ஆசியக் கோப்பைக்கும் போன டீம் இதுல தேறாதான்னு நினைச்சோம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்ச கதையையும் சொல்லிடறேன். 2008ல டெல்லிக்கு மாற்றலாகி வந்த புதுசு. ஹிந்தியில "கித்னா" தவிர வேற வார்த்தை வராது. ஆகஸ்ட் 13, டெல்லி கேட் பக்கத்துல இருக்கிற அம்பேத்கர் ஸ்டேடியம், ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். தஜிகிஸ்தானை 4-1னு அடிச்சோம், சுனில் சேத்ரி மட்டும் மூணு கோல். 1984க்குப் பிறகு முதல் தடவையா 2011 ஆசியக் கோப்பைக்கு இடம் கிடைச்சது அந்த மேட்ச்லதான். பக்கத்துல நின்ன முன்பின் தெரியாத சர்தார்ஜியைக் கட்டிப்பிடிச்சுக் குதிச்சேன். இந்த ஊர்ல நாமும் ஒரு ஆள்தான்னு முதல்ல தோணினது அன்னிக்குத்தான். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பையனைக் கெடுத்துட்டேன்னு தங்கமணி இன்னிக்கும் சொல்றாங்க.

பையன் பத்தாம் கிளாஸ். இடதுகால் ஆட்டக்காரன். இந்தத் தகுதிச் சுற்றை ஒண்ணு விடாமப் பார்த்தான்.

மார்ச் 25, ஷில்லாங்ல பங்களாதேஷோட 0-0. ஓய்வு பெற்ற சேத்ரியை 40 வயசுல திரும்பக் கூப்பிட்டும் கோல் வரலை. ஜூன் 10, ஹாங்காங்ல 94ஆவது நிமிஷம் ஒரு பெனால்டி, 0-1. கோச் மார்க்கெஸ் போனார், காலித் ஜமீல் வந்தார். லீக் எப்ப ஆரம்பிக்கும்னே யாருக்கும் தெரியலை. சம்மேளனத்தோட சட்டதிட்டம் உச்ச நீதிமன்றத்துல இருந்தது. (சம்மேளன ஆபீஸ் எங்க துவாரகாவில்தான், 19ஆம் செக்டார். அந்தப் பக்கம் காய்கறி வாங்கப் போனா பையன் நின்னு ஒரு முறை முறைப்பான்.) அக்டோபர் 9, சிங்கப்பூர்ல ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி, பத்து பேரோட ஆடி, 90ஆவது நிமிஷம் ரஹீம் அலி போட்ட கோல்ல 1-1. அன்னிக்கு பையன் குதிச்ச குதியில கீழ் வீட்டு பஞ்சாபி ஆண்ட்டி போன் பண்ணிட்டாங்க.

அக்டோபர் 14, மட்காவ். தீபாவளிக்கு ஆறு நாள். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்டுக்கு வரும்போது மேட்ச் ஆரம்பிச்சாச்சு. கதவைத் திறந்ததும் "அப்பா, சாங்தே அடிச்சிட்டான், ஒன்-ஜீரோ!" செருப்பைக்கூட சரியாக் கழட்டாம உட்கார்ந்தேன். இடைவேளைக்கு ஒரு நிமிஷம் முன்னாடி சிங்கப்பூரின் சோங் உய் யோங் ஒண்ணு, 58ஆவது நிமிஷம் அவரே இன்னொண்ணு. 1-2. கதை முடிஞ்சது.

அன்னிக்கு நான் செஞ்சதுதான் தப்பு. "இந்தியா ஃபுட்பால்னா இவ்வளவுதாண்டா. போர்டு எக்ஸாம் வருது. நாளையிலேர்ந்து பூட்ஸைத் தூக்கிப் பரண்ல போடு" என்றேன். டீம் மேல இருந்த எரிச்சல், விழுந்தது அவன் மேல.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்தான். "அப்பா, நாலு மேட்ச். தோத்தது ரெண்டு. ரெண்டுமே ஒரு கோல். நீங்க ஆறு கோல் வாங்கின மாதிரி பேசுறீங்க."

கணக்கு சரிதான். ஆனா ராத்திரி படுத்ததும் என் பேங்க் புத்தி வேற கணக்குப் போட்டது. எங்க தொழில்ல, தவணை 90 நாளுக்கு மேல் வராம போனா அந்தக் கடன் வாராக்கடன். ஆனா எந்தக் கணக்கும் 91ஆம் நாள் கெட்டுப்போறதில்லை. முதல் தவணை தவறின அன்னிக்கே கெட ஆரம்பிச்சாச்சு. அப்ப எல்லாரும் "நல்ல பார்ட்டி சார், அடுத்த வாரம் கட்டிடுவார்"னுதான் சொல்லுவோம். ஷில்லாங்தான் அந்த முதல் தவணை. தரவரிசையில நம்மைவிட 50 இடத்துக்கு மேல கீழே இருந்த டீமோட, சொந்த மண்ணுல, ரெண்டு புள்ளி போச்சு. அன்னிக்கு யார் பதறினோம்? வருஷக் கடைசி க்ளோசிங் வேலைக்கு நடுவுல ஸ்கோர் பார்த்துட்டு, "இன்னும் அஞ்சு மேட்ச் இருக்கே"ன்னு சொன்னவன் நான்தான்.

காலையில இதைப் பையன்கிட்ட சொன்னேன். பல் தேய்ச்சுக்கிட்டே கேட்டவன், வாயைக் கொப்பளிச்சுட்டு, "சரி, என் கணக்கு எத்தனாவது நாள்ல இருக்கு? எதுக்கு பூட்ஸ் பரணுக்குப் போகணும்?" என்றான்.

தங்கமணி அடுப்படியில சிரிச்சாங்க. அரையாண்டுல கணக்குல 61 மார்க், அது ஒண்ணுதான் நிலுவை. உட்கார்ந்து பேசி மறுசீரமைப்பு பண்ணிட்டோம். வார நாள்ல கணக்கு டியூஷன், சனி ஞாயிறு கிரவுண்டு. பூட்ஸ் வாசல்லயே இருக்கும்.

நவம்பர் 18, மறுபடி செவ்வாய், டாக்கா. கணக்குக்கு உதவாத மேட்ச். இருந்தாலும் ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். அதே சாயங்காலம் சிங்கப்பூர், ஹாங்காங்லயே போய் 2-1னு ஜெயிச்சிருந்தது. 1984ல போட்டியை நடத்துற நாடா ஆடின சிங்கப்பூர், தகுதிச் சுற்றுல ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குப் போறது இதுதான் முதல் தடவை. அங்க செட்டில் ஆன சகலை வாட்ஸப்ல "நாங்க போறோம்!"னு அனுப்பினார்.

"அப்பா, பெரியப்பா எந்த 'நாங்க'?"

"இருபது வருஷமா அங்கதானேடா இருக்கார்" என்றேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, என் போனை வாங்கி பெரியப்பாவுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

பங்களாதேஷ் ஆரம்பத்துலயே போட்ட கோல் அப்படியே நின்னு 0-1. 22 வருஷத்துக்கு அப்புறம் அவங்க நம்மைத் தோற்கடிச்சாங்க. அஞ்சு மேட்ச்ல ரெண்டே புள்ளி. ஒரு மேட்ச்லகூட ஒரு கோலுக்கு மேல தோக்கலை.

மறுநாள் காலையில அம்மா போன். "நேத்து என்ன கிழமை மக்களே?"