ஓர் அடைப்புக்குறியை அழித்த இரவு

ஆய்வேட்டின் நான்காம் இயலை இந்த வாரம் முதல் மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். காரணம் ஓர் அடைப்புக்குறி. தரவுகளோடும் நிரல்களோடும் புழங்கும் ஆய்வு மாணவர் எவருக்கேனும் பயன்படலாம் என்பதால் நடந்ததை நடந்தபடியே பதிகிறேன்.

மழைப்பொழிவைக் கொண்டு மராத்வாடா பகுதிக் கிணறுகளின் நீர்மட்டத்தை முன்கணிப்பதே என் ஆய்வு. கணிப்பு எவ்வளவு பிசகுகிறது என்பதை அளக்க எல்லோரும் கையாளும் வாய்பாடு ஒன்றுண்டு: ஒவ்வொரு பிழையையும் வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரியை எடுத்து, அதற்கு வர்க்கமூலம் காண வேண்டும். சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் அதைப் பைத்தானில் இப்படி எழுதினேன் (பெயர்களை மட்டும் இங்கே தமிழாக்கியிருக்கிறேன், இரட்டை உடுக்குறி அடுக்கைக் குறிக்கும்):

வர்க்கமூலம்(சராசரி((அளவு - கணிப்பு)**2)

திறப்பவை மூன்று, மூடுபவை இரண்டு. ஆனால் பிழைச்செய்தி இந்த வரியைச் சுட்டவில்லை. குற்றமேதும் இல்லாத அடுத்த வரியைச் சுட்டியது. அதற்கும் காரணம் உண்டு. நிரலைப் படித்துவரும் பகுப்பி, திறக்கும் குறி ஒவ்வொன்றையும் சாப்பாட்டுத் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறது. மூடும் குறி வரும்போது மேல்தட்டை எடுத்துவிடுகிறது. ஒரு தட்டு மிஞ்சியிருந்தாலும் வாக்கியம் முடியவில்லை என்று கருதி அடுத்த வரிக்குள் நுழைந்து, அங்கே முட்டிக்கொள்கிறது. 2021இல் வெளிவந்த 3.10 பதிப்பு முதல் பைத்தான், மூடப்படாத குறியையே சுட்டிக்காட்டுகிறது. எங்கள் ஆய்வகக் கணினியில் இருந்தது பழைய பதிப்பு. புதியது இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன் என்றும் சொல்லமாட்டேன்.

குற்றமற்ற வரியில் அரைமணி நேரம் துழாவிய பிறகே மேல்வரியின் குறிகளை எண்ணினேன். இறுதியில் ஒன்றைச் சேர்த்திருக்க வேண்டும். அரைத்தூக்கத்தில், நடுவே இரட்டையாக நின்றவற்றுள் ஒன்றை அழித்தேன்:

வர்க்கமூலம்(சராசரி(அளவு - கணிப்பு)**2)

இரண்டு திறப்பு, இரண்டு மூடல். பிழைச்செய்தி மறைந்தது. நிரல் ஓடியது.

ஆனால் கணக்கே மாறிவிட்டது. இப்போது முதலில் சராசரி, பிறகே வர்க்கம். அந்த வர்க்கத்தை வெளியே நிற்கும் வர்க்கமூலம் உடனே அவிழ்த்துவிடுகிறது. ஒரு கிணற்றில் 2 மீட்டர் கூடுதலாகவும் இன்னொன்றில் 2 மீட்டர் குறைவாகவும் கணித்தால் உண்மைப் பிழை 2 மீட்டர்; என் நிரலோ அவை இரண்டையும் கழித்துச் சுழியம் என்று சொல்லும். குறிகள் இணை சேர்ந்துவிட்டனவா என்பதைத்தான் பைத்தான் பார்க்கும். எது எதனோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது எழுதியவனுக்கு மட்டுமே தெரியும்.

எனக்கு அன்று ஏன் ஐயம் எழவில்லை? எண் சிறியதாக வந்ததால்தான். அது பெரியதாக வந்திருந்தால் அந்த இரவே வரிவரியாகத் தேடியிருப்பேன். மாறாக, விடுதிக்குத் திரும்பும் வழியில் தேநீர் குடித்துக் கொண்டாடினேன். அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு கருத்தரங்கிற்குச் சுருக்கமும் அனுப்பினேன்.

சென்ற மாதம், எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் பயிற்சிக்காக என் அட்டவணையைத் தாமே நிரல் எழுதிக் கணக்கிட்டுப் பார்த்தார். நான் 0.4 மீட்டர் என்று தந்திருந்த இடத்தில் அவருக்கு 2.1 வந்தது. தாம்தான் எங்கோ தவறிவிட்டதாக எண்ணி மூன்று நாள் தம் நிரலையே தேடியிருக்கிறார். நான்காம் நாள் மிகுந்த தயக்கத்தோடு என்னிடம் வந்தார். அவருடைய வரியையும் என் வரியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குக் காது சூடேறியது. அந்த மூன்று நாளுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நெறியாளரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: "எத்தனை அட்டவணைகள்?" நான்கில் மூன்று. சுருக்கத்தை அன்று மாலையே திரும்பப் பெற்றுக்கொண்டோம். திருத்திய கணக்கின்படி என் மாதிரி, பழைய நேர்கோட்டு முறையைவிடச் சிறந்ததன்று. சில கிணறுகளில் அதைவிட மோசம். ஏன் மோசம் என்பதே இப்போது நான்காம் இயலின் கேள்வி.

நிரலின் தலைப்பில் இரண்டு கற்பனைக் கிணறுகளைச் சேர்த்திருக்கிறேன். ஒன்றில் 2 மீட்டர் கூடுதல், மற்றதில் 2 மீட்டர் குறைவு. விடை 2 என்று வராவிட்டால் நிரல் மேற்கொண்டு ஓடாது. அந்த வரிகளை எழுதித் தந்தவர் அந்த மாணவிதான்.