சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்

அச்சம் எவற்றிலிருந்து பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களை வகுத்துத் தந்திருக்கிறார். தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆள்வோர் என்பன அவை. மெய்ப்பாட்டியல் நடத்தும் வகுப்புகளில் நாங்கள் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவது ஒன்றுண்டு. அந்த நான்கும் அஞ்சுபவனுக்கு வெளியே நிற்பவை. இன்னதற்கு அஞ்சுகிறேன் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவை.

சிகரெட்டை நிறுத்திய மூன்றாம் நாள் எங்களுக்கு வந்த அச்சத்தை அந்த நான்கில் எதிலும் சேர்க்க முடியவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். சம்பளம் வந்துவிட்டது. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைத் தவிர வேறு சுமை இல்லை. ஆயினும் கைப்பேசி ஒலித்தால் நெஞ்சு திக்கென்றது. ஏதோ கெட்ட செய்தி புறப்பட்டுவிட்டது, இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை, அவ்வளவுதான் என்பதுபோல் ஓர் உணர்வு. புகையை விட முயன்ற நண்பர்கள் பலர் இந்த இடத்தில்தான் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

நாங்கள் என்றது மூவரை. போடிநாயக்கனூரில் குடியிருந்து, சுற்றுவட்டாரக் கல்லூரி ஒன்றில் பணியாற்றுபவர்கள். இருவர் தமிழ், ஒருவர் வணிகவியல். மூவருக்கும் நாற்பதைக் கடந்த வயது. புகைப்பழக்கத்துக்கு இருபதைக் கடந்த வயது. எங்களில் மூத்தவரின் தமையனார் நுரையீரல் புற்றுநோயில் காலமானார். காரியம் முடிந்த அன்று பந்தலுக்கு வெளியே உறவினர்கள் வட்டமாக நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவருடைய மகன், பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவன். தீப்பெட்டி கேட்ட ஒருவருக்கு உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தான். திரும்பும் வழியில் மூவரும் அதிகம் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை நிறுத்துவதென்று முடிவாயிற்று.

புகைப்பவர் அனைவருக்கும் உள்ள தயக்கம் எங்களுக்கும் இருந்தது. சிகரெட்தான் பதற்றத்தைத் தணிக்கிறது, அதையும் விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதே அது. உடலில் நடப்பது வேறு. உள்ளிழுத்த சில வினாடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. பிறகு இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வருகிறது. குறையக் குறைய எரிச்சலும் அமைதியின்மையும் தலைகாட்டுகின்றன. அடுத்த சிகரெட் அவற்றைத் தணிக்கிறது. அதாவது, முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப் போன பதற்றத்தையே அடுத்தது தீர்க்கிறது. வீட்டுக்கடன் தந்த பதற்றம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வட்டி கட்டுவதற்காக அதே வட்டிக்காரரிடம் மேற்கொண்டு கடன் வாங்குவது போன்றது என்றார் வணிகவியல் நண்பர்.

நிறுத்திய ஒரு நாளுக்குள் இந்தத் தொல்லை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்தைத் தொடும். பெரும்பாலோர்க்கு 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். இடையிடையே எழும் வேட்கையின் அலைகள் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீடிக்கும். திசை தெரியாமல் வந்த அச்சத்துக்கு இவ்வாறு ஒரு காரணமும் ஒரு காலக்கெடுவும் இருப்பதாக அறிந்ததே எங்களுக்குக் கிடைத்த முதல் ஆறுதல். ஐந்தாவது நிலைக்களன் என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டோம்.

இரண்டாவது ஆறுதலை எங்கள் ஊர் மலையே தந்தது. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2003இல் வந்தது. பொது இடங்களுக்கான விதிகள் முழுவீச்சில் நடைமுறைக்கு வந்தது 2008 அக்டோபர் 2 அன்று. தீர்ப்பு வந்த புதிதில் நாங்கள் மாணவர்கள். மூணாறு செல்லும் பேருந்து மெட்டில் நின்றதும் ஆண்கள் இறங்கி, சாவடிக்கு இந்தப் பக்கம் அவசர அவசரமாகப் புகைத்துவிட்டு ஏறுவார்கள். அந்தப் பக்கம் போனபின் பூப்பாறை வரையிலும் தேவிகுளம் வரையிலும் எவரும் தவித்ததாக நினைவில்லை. ஏலத்தோட்டங்களைப் பார்த்தபடி அமைதியாக வருவார்கள். திரும்பும்போது சாவடி கண்ணில் பட்டதும் கைகள் சட்டைப்பையைத் தடவத் தொடங்கும்.

இஸ்ரேலிய உளவியலாளர் ரியூவன் டார் தம் குழுவினருடன் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. புகைப்பழக்கமுள்ள விமானப் பணியாளர்களைக் குறும்பயணத்திலும் நெடும்பயணத்திலும் கவனித்தார்கள். புகைக்காமல் கழிந்த நேரம் சமமாக இருந்தபோதும், தரையிறங்கும் வேளை நெருங்கியவர்களுக்கே வேட்கை மிகுந்திருந்தது. நெடும்பயணத்தின் நடுவில் இருந்தவர்களுக்கு அது குறைவு. வேட்கையைக் கிளப்புவதில் நிகோடின் குறைவுக்கு உள்ள பங்கைப் போலவே, அடுத்தது எப்போது கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்புக்கும் பெரும் பங்குண்டு என்பது இதனால் தெரிகிறது. 'சாயங்காலம் ஒன்றே ஒன்று' என்று மனத்துக்குள் அனுமதி கொடுத்தவர், அன்று பகல் முழுவதும் சாவடியின் இந்தப் பக்கத்திலேயே நிற்கிறார். ஆகவே குறைத்துக்கொண்டே வருவது என்ற பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. வீட்டிலும் வண்டிப் பெட்டியிலும் ஒன்றுகூட வைக்கவில்லை.

தேநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் காஃபீனைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகை நின்றதும் அந்தத் தூண்டுதல் போய்விடுகிறது. வழக்கம்போல ஐந்து டீ குடித்தாலும் முன்னைக் காட்டிலும் அதிகமான காஃபீன் இரத்தத்தில் தங்குகிறது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அதனாலும் வரும். புகையை விட்டதால் வந்தது என்று பழி முழுவதும் அதன்மேல் விழும். நாங்கள் ஐந்தை இரண்டாக்கினோம். இரவுத் தூக்கம் பெருமளவு திரும்பியது.

எஞ்சியது அலை வரும் நேரத்தைக் கடத்துவது. பெட்டிக்கடையில் நுனி கனன்றபடி தொங்கும் தேங்காய்நார்க் கயிற்றைப் பார்த்தாலே அலை எழும். மூன்று நாள் அந்தப் பக்கம் போகாதிருந்து நான்காம் நாள் பழம் வாங்கப் போனபோது, "என்னா சார், ஒடம்பு சரியில்லையா? ஆளையே காணோம்" என்றார் கடைக்காரர். ஏலக்காய்க்குப் பேர்போன ஊராகையால் சட்டைப்பையில் நாலைந்து காய் வைத்துக்கொண்டோம். அது மருந்தன்று; வாய்க்கும் விரலுக்கும் ஒரு வேலை. நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது உடனடியாகப் பயன்பட்டது. எல்லாவற்றினும் உதவியது ஒரு தொலைபேசி உடன்படிக்கை.

"சார், வந்திருச்சு."

"மணி என்ன?"

"நாலு இருபது."

"நாலே காலுக்கு இருந்த உயிர் நாலரைக்கும் இருக்கும். நாலரைக்குக் கூப்பிடுங்க."

நாலரைக்கு வரும் அழைப்பில் பெரும்பாலும் வேறு பேச்சாக இருக்கும். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். ஒன்றுகூடப் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் வாரத்தில் பக்கங்கள் நிரம்புவது குறைந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. மூத்தவருக்கு ஆறு வாரம் ஆகியும் பதற்றம் விலகவில்லை. பின்னிரவில் விழிப்பு வந்து தமையனாரின் கடைசி நாள்களே கண்முன் நின்றன. தேனியில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தார். இது புகை நின்றதால் வந்ததன்று, துயரமும் அதற்கு முந்திய பதற்றமும் புகைக்குப் பின்னால் மறைந்திருந்தன என்றார் அவர். சிகிச்சை நடந்தது, இன்று நன்றாக இருக்கிறார். நான்கு வாரத்தைக் கடந்தும் நீடிக்கும் பதற்றத்தை மனவுறுதிக் குறைவு என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நிகோடின் மெல்லுபசை போன்ற துணைகளும் உள்ளன. மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். புகையிலையை விட விரும்புவோர்க்கென 2016இல் தொடங்கப்பட்ட தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356.

புகையை நிறுத்தியவர்களின் மனநிலையை ஆராய்ந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2014இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்களைவிட, விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களிடமும் அவ்வாறே. புகைத்த காலத்தில் இதைப் படித்திருந்தால் நம்பியிருப்போமா என்பது ஐயம்தான்.

வணிகவியல் நண்பர் எட்டாவது வாரத்தில் மறுபடி தொடங்கினார். தேர்வுப்பணிக்கு வெளியூர் போன இடத்தில், பழைய தோழர் ஒருவர் நீட்டியபோது வாங்கிக்கொண்டார். பலருக்கும் ஒரே முயற்சியில் முடிவதில்லை. அவருக்கு நாங்கள் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. குறிப்பேட்டைத் திருப்பித் தரவும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமையை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். அன்று மாலை கைப்பேசி ஒலித்தது.

"சார், வந்திருச்சு."

மணி என்ன என்று கேட்டோம்.