குரு மாறினால் பங்கு கலையுமோ?



பி.பி.சி. தொலைக்காட்சி 1996 முதல் 2001 வரை 'பாலிகிசேஞ்சல்' என்னும் தொடர் நாடகத்தை ஒளிபரப்பியது. கீரன் பிரெண்டிவில் படைத்த அக்கதை, அயர்லாந்தின் விக்லோ பகுதியிலுள்ள அவோகா சிற்றூரில் படமாக்கப்பட்டது. கத்தோலிக்கப் பங்கு ஒன்றே அதன் களம். இங்கிலாந்திலிருந்து அங்கு வருகிறார் இளங்குரு பீட்டர் கிளிஃபோர்டு. அவ்வூர் மதுக்கடையை நடத்தும் அசம்ப்டாவோ திருச்சபையைக் குறைகூறுபவள். இருவருக்குமிடையே சொல்லப்படாத அன்பு வளர்கிறது. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கா, மனத்தின் ஈர்ப்பா? இவ்வினாவே கதையின் உயிர்நாடி. குருவாகிய நான் இதை இலேசாக எண்ண இயலாது. அவ்வாக்கின் கனம் அறிந்தவன் நான்.

அவ்வேடங்களை ஏற்ற ஸ்டீபன் டாம்கின்சனும் டெர்வ்லா கெர்வனும் 1998-இல் விலகினர். மூன்றாம் தொகுதியின் முடிவில் அசம்ப்டா மின்சாரம் தாக்கி இறக்கிறாள். பீட்டர் ஊரை நீங்குகிறார். தம் விடைக்குரிய விலையை இருவரும் வாழ்ந்து செலுத்துமுன், விபத்து கதையை முடித்துவிட்டது.

பின்பு தந்தை எய்டன் வந்தார். இறுதித் தொகுதியில் ஆஸ்திரேலியக் குரு வின்சென்ட் வந்தார். ஊர்ப் பெரும்புள்ளி குவிக்லியாக நடித்த டோனி டாயில் 2000-இல் காலமானார். கோவிலும் மதுக்கடையும் அப்படியே இருந்தன. ஆயினும் கதை திசையற்று அலைந்து, ஆறாம் தொகுதியோடு நின்றது. புதியவர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. அவர்களுக்குக் குருவுடை கிடைத்தது. தாங்கிச் செல்ல ஒரு வினா கிடைக்கவில்லை.

நம் பங்குகளிலும் குருக்கள் மாற்றலாகிச் செல்கின்றனர். "அந்தச் சாமி போனபின் கோவிலே வெறிச்சென்று இருக்கிறது" என்பர் சிலர். பாடற்குழு கலைகிறது, நோயாளிகளைச் சந்திக்கும் வழக்கம் நிற்கிறது. கொரிந்து நகரில் தன் பெயரையும் அப்பொல்லோவின் பெயரையும் சொல்லிப் பிரிந்தவர்களைத் தூய பவுல் கடிந்துகொண்டார். நட்டவரும் நீர் ஊற்றியவரும் ஊழியர்களே. விளைவிப்பவர் இறைவன் என்பதே அவர் போதனை.

தொடர் நாடகம் நடிகரை நம்பி நிற்கலாம். பங்கு அவ்வாறு நிற்கலாகாது. குரு மாறிய மறுவாரமும் அந்த நோயாளி உங்களுக்காக வாசலைப் பார்த்திருப்பார். முந்திய குருவுக்காகச் சென்றவர் அன்று நின்றுவிடுவார். கிறிஸ்துவுக்காகச் சென்றவர் மீண்டும் செல்வார். புதிய குருவை வரவேற்க மாலை வாங்குமுன், இவ்விருவரில் தாம் யார் என்று ஒவ்வொரு குடும்பமும் மாலைச் செபத்தில் எண்ணிப் பார்க்கட்டும்.