பேரேட்டில் ஒரு வரி

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பற்றிச் சென்ற ஆண்டுத் தேர்வில் யாம் நான்கு பக்கம் எழுதினோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயின், மறுநாள் அம்மயிலுக்கு இரை வைத்தவர் யார், நனைந்த போர்வையை உலர்த்தியவர் யார் என்னும் வினா அப்பொழுது எம் உள்ளத்தில் எழவில்லை. கோடை விடுமுறையில் ஆறு வாரம் எம்மூர் நகராட்சியின் நாய்க் காப்பகத்தில் தொண்டு செய்த பின்னரே அவ்வினா எழுந்தது. அங்கு யாம் கற்றதையும், எம் கையால் நேர்ந்த பிழையொன்றையும் ஒளியாது ஈண்டுக் கூற விழைகின்றோம்.

ஊருக்கு வடக்கே, உரக்கிடங்கை அடுத்து, முன்னாளில் மாட்டுப் பவுண்டாய் இருந்த இடத்திலேயே அக்காப்பகம் அமைந்துள்ளது. பிறர் பயிரை மேய்ந்த மாட்டை 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கு அடைப்பர். உடையவன் தண்டமும் தீனிச் செலவும் செலுத்தி மீட்டுச் செல்வான். தெருநாய்க்கோ உடையவன் இல்லை. மீட்க வருவாரும் இல்லை. ஆதலின், அதனை அதன் இடத்தில் மீண்டும் சேர்க்கும் பொறுப்பு முற்றும் காப்பகத்தையே சார்ந்தது.

பணி விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும். காவல், சமையல், மருத்துவர்க்கு உதவி ஆகிய மூன்றையும் ஒருவராய்ச் செய்யும் முதியவரை யாவரும் அண்ணாச்சி என்றே அழைப்பர். முதல் நாள் நோயுற்ற குட்டிகள் முனகுவது கேட்டு யாம் நேரே அவற்றின் கூண்டிற்கு விரைந்தோம். "தம்பி, நில்லுங்க. நல்லா இருக்கிறதை முதல்ல பாருங்க, சீக்கு விழுந்ததைக் கடைசியில பாருங்க" என்று அவர் தடுத்தார். காரணம் பின்னர் விளங்கிற்று. பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோய் குட்டிகளைச் சில நாட்களிலேயே கொல்ல வல்லது. அது மாந்தரின் கால்வழியே கூண்டு விட்டுக் கூண்டு செல்லும். ஆதலின் நலமுள்ளவற்றை முதலிலும் நோயுற்றவற்றை இறுதியிலும் கழுவி உணவிடல் வேண்டும். பின்னர்ச் செருப்பைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் நனைத்தல் வேண்டும். இரக்கத்திற்கும் ஒரு வரிசை உண்டென்பது யாம் கற்ற முதற் பாடம்.

அரிசியோடு, கோழிக்கடைகளில் ஒதுக்கப்படும் தலையும் காலும் மஞ்சளும் இட்டு வேகவைத்த கஞ்சியே உணவு. வெங்காயம் நாயின் குருதியைக் கெடுக்கும் என்பதை அங்குத்தான் அறிந்தோம். மறுநாள் அறுவைக்குரிய நாய்க்கு இரவு உணவு இல்லை. மயக்கத்தில் வாந்தி எடுப்பின் மூச்சு அடைபடும். பசித்த நாய் எம் கையையே நோக்க, வெறுங்கையுடன் அதனைக் கடந்து செல்வதும் அதனைப் பேணுதலே என்று உணர எமக்குச் சில நாட்கள் ஆயின.

நாய்களை அடைத்து வைப்பது அன்று இக்காப்பகத்தின் நோக்கம்; கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, மீளவிடுவதே நோக்கம். பெண்நாய் ஏறத்தாழ 63 நாளில் ஈனும். ஒரே ஈற்றில் பல குட்டிகள். நாய்களைக் கொன்று தொகையைக் குறைக்க முயன்ற ஊர்களில், எஞ்சியவை கிடைத்த எச்சிலை உண்டு பெருகின. அயல்தெரு நாய்களும் வெற்றிடம் கண்டு புகுந்தன. சென்னையில் 1959ஆம் ஆண்டு தோன்றிய புளூ கிராஸ் அமைப்பினர் இதனை நெடுங்காலம் எடுத்துரைத்தனர். சென்னை மாநகராட்சி 1996இல் கருத்தடை முறையைக் கைக்கொண்டது. 2001இல் மத்திய அரசும் இதற்கென விதிகள் வகுத்தது.

நாய்க்கு அஞ்சுவோரை யாம் எள்ளவில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்பவர் மிக அரியர். 1885இல் லூயி பாஸ்டர், நாய்க்கடியுற்ற சிறுவனொருவனுக்கு முதன்முதல் தடுப்பு மருந்து செலுத்துவித்தார். நம் நாட்டிலும் 1907இல் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பெற்றது. ஓரூரின் நாய்களில் நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசியிட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பர் வல்லுநர். ஆதலின் கூண்டில் நாய்க்கு இடும் ஊசி, தெருவில் விளையாடும் குழந்தைக்கு இடும் காவலே ஆகும்.

ஊசியிட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு விதிகளும் வகுத்தன. நாய்க்கு எல்லை உண்டு. அயலிடத்தில் விடின் அவ்விடத்து நாய்கள் அதனைத் தாக்கும். அது வழியறியாது ஓடி வண்டியில் அடிபடவும் கூடும். எனவே ஒவ்வொரு நாயும் பிடிபட்ட நாள், இடம், நிறம், பால் ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதி, அதே எண்ணை அதன் கழுத்துப் பட்டையிலும் கட்டுவர். யாம் தமிழ் பயிலும் மாணவர் என்பதாலும், எம் கையெழுத்து நன்றென்பதாலும் அண்ணாச்சி அப்பேரேட்டை எம்மிடம் ஒப்புவித்தார்.

மூன்றாம் வாரத்தில் செந்நிறப் பெண்நாயொன்று வந்தது. "செம்மண் நிறம், நெற்றியில் இளம்பிறை போலும் வெண்மை" என்று நயம்பட எழுதினோம். இடம் என்னும் கட்டத்தில் "மேலத்தெரு" என்று மட்டும் எழுதினோம். எம்மூரில் மேலத்தெரு மூன்று.

அறுவைப் புண் ஆறியபின் வண்டிக்காரர் அதனைக் கோயிலை அடுத்த மேலத்தெருவில் இறக்கிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து, ஆற்றங்கரை மேலத்தெருவில் இட்லி விற்கும் ஆச்சி ஒருவர், வாழையிலையில் மீன்தலை பொதிந்து எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தார். "எங்க செவலையை எப்பம் விடுவீங்க, தம்பி?" என்று கேட்டார். பேரேட்டைப் புரட்டினோம். இளம்பிறை இருந்தது, வார்டு எண் இல்லை.

வண்டிக்காரர்மேல் பழியைச் சுமத்தலாம் என்று ஒரு நொடி எண்ணியதும் உண்மை. ஆயினும் பிழை எம்முடையதே என்று ஆச்சியிடம் கூறினோம். அவர் வையவில்லை. "எழுதத் தெரிஞ்ச பிள்ளைன்னுல்லா நினைச்சேன்" என்று மட்டும் சொல்லி, இலைப் பொதியைக் கூண்டிலிருந்த வேறொரு நாய்க்கு வைத்துவிட்டுப் போனார்.

கோயில் மேலத்தெருவில் வினவினோம். நாய்கள் மூன்று துரத்த, செவலை பேருந்துச் சாலையைக் கடந்து ஓடியதைக் கண்டதாகப் பூக்கடைக்காரர் கூறினார். அண்ணாச்சியும் யாமும் ஏழு மாலைகள் மிதிவண்டியில் தேடினோம். அரிசி ஆலை, சந்தைப்பேட்டை, குளக்கரை ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் ஆச்சியும் உடன்வந்து பெயர் சொல்லி அழைத்தார். காணாமற்போன ஆட்டைத் தேடிய மேய்ப்பனின் உவமையை ஞாயிறு பள்ளிச் சிறுவர்க்கு யாம் பன்முறை கூறியுள்ளோம். அவ்வுவமையில் ஆடு கிடைத்தது. எமக்குச் செவலை கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் காலை, அண்ணாச்சியின் இசைவு பெற்று, பேரேட்டில் வார்டு எண், அருகிலுள்ள அடையாளம், உணவிடுவோர் பெயர் என மூன்று கட்டங்களைக் கோடிட்டுச் சேர்த்தோம். அதன்பின் வந்த நாய்களுக்கெல்லாம் அவற்றை நிரப்பினோம். விடப்பட்ட தெருவிற்கு மறுநாள் சென்று பார்த்தும் வந்தோம். செவலையிடம் எமக்கு அன்பு இல்லாமற் போகவில்லை. இன்னும் சொல்லப்போனால், அவ்வாண்டு அங்கு வந்த நாய்களுள் யாம் மிக விரும்பியது அதனையே. அவ்விருப்பம் அதற்கு ஒரு பயனும் செய்யவில்லை. இரண்டு இலக்கம் கொண்ட ஓர் எண் செய்திருக்கும்.

வரும் விடுமுறையில் எம் தோழர் எவரேனும் அக்காப்பகத்திற்குச் செல்வாராயின், அண்ணாச்சி அவரை மகிழ்ந்து ஏற்பார். ஆள் எப்பொழுதும் போதாது. நிறத்தைச் சுருக்கமாகவும் இடத்தை விரிவாகவும் எழுதுவாராக. எம்மூர்ப் பக்கம் செல்லும் எவரேனும், நெற்றியில் வெண்மையும் காது நுனியில் சிறு வெட்டும் உடைய செந்நிறப் பெண்நாயொன்றைக் காணின், ஆற்றங்கரை மேலத்தெருவில் இட்லிக்கடை ஆச்சியிடம் தெரிவிக்க வேண்டுகின்றோம்.