அப்பாவின் மெஷினில் ழ கொஞ்சம் தாழ்ந்திருக்கும்

டிரெஸ்டன், ஜெர்மனி



இங்கே எல்பே ஆற்றங்கரையில், ஆல்பெர்ட் பாலத்தின் பக்கம் சனிக்கிழமைகளில் பழம்பொருள் சந்தை கூடும். களியக்காவிளைச் சந்தை போலச் சத்தம் கிடையாது. விற்கிறவர்கள் நாற்காலி போட்டு பிளாஸ்க் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால்தான் விலை சொல்வார்கள். போன மாதம் அங்கே ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே 'எரிகா' என்று பெயர் போட்ட சின்ன டைப்ரைட்டர். எனக்கு பாறசாலை வீட்டுத் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதே உடம்பு, அதே வட்ட விசைகள். ஆனால் அப்பாவின் மெஷினில் இருந்த பெயர் 'பிஜோ'.

விற்ற பெரியவரிடம் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானாம். ஸைடல் அண்ட் நௌமன் என்ற இந்த ஊர்க் கம்பெனி 1868ல் தொடங்கி, முதலில் தையல் மெஷின் செய்தது. 1910ல் எரிகா என்ற கைப்பெட்டி டைப்ரைட்டரைக் கொண்டுவந்தது. முதலாளியின் பேத்தி பெயராம் அது. கடல் கடந்து போகும்போது பெயர் பிஜோ ஆகிவிடும். தொழிற்சாலை இருந்த கட்டிடத்தில் இன்று நகராட்சி அலுவலகம். பதினோரு வருஷமாக அதைத் தாண்டித்தான் டிராமில் வேலைக்குப் போகிறேன். அப்பாவின் மெஷின் பிறந்த வீடு அது என்று யார் கண்டது!

அந்த மெஷினுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளிக்காரர் ஆர். முத்தையா. 1886ல் பிறந்து, 1907ல் மலாயா பக்கம் பிழைக்கப் போனவர். கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். ஆபீஸில் இங்கிலீஷ் மெஷின் தடதடவென்று ஓடுவதைப் பார்த்து, 247 எழுத்தையும் 46 விசைக்குள் அடக்கப் பலகை வகுத்து, அதை டிரெஸ்டனுக்கு அனுப்பிச் செய்வித்தார். அவருடைய தந்திரம் நகராத விசை. 'க்' வேண்டுமென்றால் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். கேரேஜ் அசையாமல் நிற்கும். பிறகு 'க' அதன் அடியில் போய் உட்காரும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பிறகு புள்ளி. மெஷினில் புள்ளிக்குப் பிறகு எழுத்து. சின்ன வயதில் அப்பா என்னைத் தட்ட விட்டபோது நான் திணறியது இதில்தான்.

அப்பாவுக்கு ஆதாரமெழுத்தும், அதாவது பத்திரம் எழுதுவதும், மனு எழுத்தும் தொழில். 1956 நவம்பர் 1ல் நம் ஊரைக் கிழித்துக்கொண்டு எல்லை விழுந்தது. தமிழ்ப் போராட்டக்காரர்கள் நம் நெய்யாற்றின்கரை தாலுகாவையும் சேர்த்துத்தான் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, நாங்கள் கேரளத்தில் நின்றோம். வழக்கும் வஸ்துவும் எல்லை பார்த்தா இருக்கும்? வீடு பாறசாலையில், வயல் களியக்காவிளைக்கு அப்புறத்தில் என்று எத்தனை குடும்பங்கள். நெய்யாற்றின்கரைக்கு மலையாளத்தில் கையெழுத்து, குழித்துறைக்குத் தமிழில் டைப்பு. தூக்கிப் போகிற மெஷின் அப்பாவுக்கு ஆடம்பரமல்ல. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்.

இன்னொன்று. மலையாளத்துக்கு மெஷின் வேண்டுமென்று 1971ல் கேரள அரசு லிபியையே சீர்திருத்தியது. கூட்டெழுத்துகளை உடைத்தார்கள், உகரக் குறிகளைத் தனியே பிரித்து நிறுத்தினார்கள். "மெஷினுக்காக எழுத்தை வெட்டலாமா?" என்று அப்பா கோபப்படுவார். எனக்கு அந்தக் கோபம் அவ்வளவாக இல்லை. அத்தனை கூட்டெழுத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருக்க முடியும்?

சேகரிக்கிறவர்களுக்கு மெஷினின் அழகைவிட எண்தான் முக்கியம். உடம்பில் குத்தியிருக்கும் எண்ணை வரிசைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் செய்த வருஷம் கிடைத்துவிடும். சந்தையிலிருந்து வந்த அன்றிரவே, அப்பாவின் மெஷின் எண்ணைக் கேட்க ஊரிலிருக்கும் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அத ஆக்கருக்குப் போட எடுத்து வச்சாச்சு, கேட்டியளா. நாளைக்கு ஆள் வருவான்."

போனை வைக்க விடாமல் பேசி, அது பழைய இரும்புக்குப் போகாமல் நிறுத்தினேன். மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்து எண்ணைப் படித்துச் சொன்னாள். முப்பதுகளின் வரிசை. பெட்டியின் உள்மூடியில் பாதி கிழிந்த சீட்டு, அதில் சிங்கப்பூர் என்ற சொல் மட்டும் மிச்சம். மலாயாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் மார்த்தாண்டத்தில் வாங்கியதாக அம்மை சொல்வது அப்போது சரியாகத்தான் இருக்க வேண்டும். ரிப்பன் செத்துப் போயிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுகள் இன்னும் நடக்கின்றன. தமிழ்நாட்டு அரசின் பரீட்சை மெஷினில்தானே நடந்துவந்தது. தங்கச்சி அங்கே போய் ரிப்பன் வாங்கிப் போட்டு, ஒரு வரி தட்டி, படம் பிடித்து அனுப்பினாள்.

ழ தாழ்ந்திருந்தது. வரியில் மற்ற எழுத்தெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க, ழ மட்டும் ஒரு நூல் கீழே. கம்பி எந்தக் காலத்திலோ வளைந்திருக்கிறது. அப்பா அதைச் சரி செய்யவே இல்லை.

டிரெஸ்டனிலிருந்து சிங்கப்பூர் வரை ஓரளவு தெரிந்துவிட்டது. மார்த்தாண்டத்துக்குப் பிறகு அப்பா இதில் என்னென்ன எழுதினார், யாருக்கு எழுதினார் என்பதற்குப் பட்டியல் எங்கும் கிடையாது. அவர் கணக்கு வைத்துக்கொள்கிற மனுஷரும் அல்ல. காகிதங்கள், ஊர்க்காரர்களே, உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன. அமரவிளை முதல் குழித்துறை வரை யார் வீட்டுப் பெட்டியிலாவது அறுபது, எழுபதுகளில் தமிழில் டைப்படித்த மனு, நோட்டீஸ், பாகப்பிரிவினைக் குறிப்பு ஏதாவது கிடந்தால் ழ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் ஒரு படம் எடுத்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். காகிதம் உங்களிடமே இருக்கட்டும், படம் போதும்.